எரித்து வளர்க்கும் புல்வெளி

மே மாதத் தொடக்கம். மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்கில், மார்ஷல் ஊரை ஒட்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் உழுது போட்ட கறுப்பு மண். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் தயாராகும் அந்த வயல்களுக்கு நடுவே காய்ந்த புல் மூடிய ஒரு நிலம். மாநில அரசின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி அது. 1951-இல் தொடங்கி இப்படி வாங்கிச் சேர்த்த நிலங்கள் மாநிலமெங்கும் 1,400-க்கு மேல் இருக்கின்றன. யாரும் உள்ளே போய் நடக்கலாம், பறவை பார்க்கலாம். பருவம் வந்தால் வேட்டையும் ஆடலாம்.

நான் போன அன்று அதில் ஒரு பகுதிக்குத் தீ வைக்கவிருந்தார்கள். எல்லாம் ஃபெசன்ட் கோழிக்காக.

ஃபெசன்ட் இந்த மண்ணில் பிறந்த பறவை அல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880-களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து ஆரெகனுக்கு அனுப்பிய பறவைகள்தான் அமெரிக்காவில் முதலில் நிலைத்துப் பெருகியவை. ஒரு வந்தேறிப் பறவைக்காக இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் 1.8 கோடி ஏக்கர் புல்வெளி இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஃபெசன்டுக்கென்று காப்பாற்றும் புல்லில்தான் பாபோலிங்கும் புல்வெளி வானம்பாடியும் கூடு கட்டுகின்றன. வேட்டைக்காரர் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிடுகிறது. 2008-இல் மினசோட்டா மக்களும் இத்தகைய பணிகளுக்கென வாக்களித்துத் தங்கள் விற்பனை வரியைக் கூட்டிக்கொண்டார்கள். இந்தப் பறவையின் மீதுள்ள ஆசை இல்லாவிட்டால் இந்த நிலங்களில் பலவும் வயலாகியிருக்கும்.

நிலத்துக்குப் பொறுப்பான பெண் அதிகாரி தீ வைப்பதற்கு முன் என்னைக் குனிய வைத்து ஒரு புல்லைக் காட்டினார். இலையின் நடுப்பகுதியில், ஆங்கில டபிள்யூ எழுத்தை அழுத்திப் பதித்தாற்போல ஒரு மடிப்பு. "ப்ரோம். மாட்டுத் தீவனத்துக்காக ஐரோப்பாவிலிருந்து வந்தது. இதுக்குத்தான் இன்னிக்கு நெருப்பு" என்றார். ப்ரோம் குளிர்காலம் முடிந்ததுமே பச்சை விட்டு எழுந்துவிடும். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற நாட்டுப் புற்களோ வெயில் ஏறும்வரை மண்ணுக்கடியில் உறங்கும். மே மாதத்துத் தீ முளைத்ததைச் சுட்டுவிடும், உறங்குவதைத் தொடாது. நாலு வாரம் முந்தினால் ப்ரோமுக்கு வலிக்காது; நாலு வாரம் பிந்தினால் நாட்டுப் புல்லே கருகும். இந்த வேலையின் நுணுக்கமெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கைக்கருவியில் காற்றும் ஈரப்பதமும் பார்த்தார்கள். தென்கிழக்குக் காற்று. மஞ்சள் தீத்தடுப்புச் சட்டைக்குள் பருத்தி பனியன் மட்டும்தான் போடலாம். நைலான் உருகித் தோலோடு ஒட்டிவிடும். டீசலும் பெட்ரோலும் கலந்து நிரப்பிய டிரிப் டார்ச்சின் மூக்கிலிருந்து எரியும் சொட்டுகள் விழ, ஓர் இளைஞர் வடமேற்கு ஓரமாக நடந்தார். அங்கே பற்றும் தீ காற்றை எதிர்த்துத்தான் நகர வேண்டும். முழங்கால் உயரத்தில் ஊர்ந்து, தன் பின்னால் ஒரு கரும்பட்டையை விட்டுப் போகிறது. பின்னால் தண்ணீர்த் தொட்டி வண்டி ஒன்று. ரப்பர் மட்டையால் பொறிகளை அடித்து அணைக்க இருவர். பட்டை போதிய அகலம் வந்ததும் இரு பக்கங்களிலும் தீ வைத்து, கடைசியாகத் தென்கிழக்கிலிருந்து பற்றவைத்தார்கள். அந்தத் தீ காற்றோடு ஓடியது. ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, கரும்பட்டையைத் தொட்டதும் எரிக்க ஒன்றுமில்லாமல் அடங்கிப்போனது. சத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் யாரும் குரல் உயர்த்தவில்லை.

"முட்டைகள்?" என்று கேட்டேன். அந்த அதிகாரி மழுப்பவில்லை. "சில கூடு போகும். கூடு போன பெட்டை மறுபடி முட்டையிடும், ஆனா எண்ணிக்கை குறையும். அதனாலதான் ஒரு வருஷத்துல நாலில் ஒரு பங்குக்கு மேல எரிக்கிறதில்லை." முதல் கூடுகள் பழைய புல்லுக்குள்தான் அமையும் என்பதால் எரிக்காமல் விட்ட முக்கால் பங்கும் அவர் திட்டத்தில் சேர்ந்ததே. பனிக்காற்றுக்குப் பறவைகள் ஒதுங்கும் சம்பங்கோரைச் சதுப்பை அவர் அன்று தொடவே இல்லை. எரித்த இடத்தில் காட்டுப் பூச்செடிகள் எழும், பூவைத் தேடிப் பூச்சி வரும். ஜூன் நடுவில் பொரியும் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பூச்சி தின்றுதான் உடல் தேறுகின்றன. பூச்செடிக்கு அடியில் அவை ஓடியாட வெற்று மண் இருக்கும். ப்ரோம் பின்னிக் கிடக்கும் இடத்தில் கட்டைவிரல் அளவுக் குஞ்சுக்கு வழியே கிடையாது.

மரம் வெட்டுவதுதான் அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்காத வேலை என்றார். புல்வெளி நடுவே நிற்கும் ஒற்றை மரம் பருந்துக்கும் கொம்பு ஆந்தைக்கும் காவல் மேடை. அதன் பொந்தில் ரக்கூன் குடியேறும். கூடு கட்டும் பறவைக்கு அந்த மரத்தால் நல்லதில்லை. மரம் என்றாலே நன்மை என்று பழகிய எனக்கும் இதை ஏற்கச் சற்று நேரம் பிடித்தது.

ஆகஸ்டில் ஃபெசன்ட் கணக்கெடுப்பு. 1955 முதல் நடப்பது. விடியற்காலையில் 25 மைல் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டி, பனியில் நனைந்த இறகை உலர்த்தச் சாலையோரம் வரும் பறவைகளை எண்ணுகிறார்கள். கடும் பனிக்காலமோ ஜூனில் குளிர்மழையோ வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்துவிடும், புல் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

புகைந்துகொண்டிருந்த கட்டைகளைத் தண்ணீர் விட்டுக் கிளறி அணைத்து முடிக்க மாலையாகிவிட்டது. பிறகு அதிகாரி வண்டியின் பானெட்டில் வரைபடத்தை விரித்து, கிழக்குத் துண்டில் ப்ரோம் இன்னும் அடர்த்தி என்று குறித்தார். அங்கே நவம்பரில், பனி விழுவதற்கு முன், பூச்செடி விதை தூவப்போகிறார்கள். அவற்றில் பல விதைகள் ஒரு குளிர்காலம் மண்ணில் கிடந்தால்தான் முளைக்கும்.