விசையும் வரம்பும்

ஏரி நிறைதல் ஊருக்கு வளமாகும். ஆயினும், மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு இல்லையேல், நிறைந்த அந்நீரே கரையை உடைத்து ஊரை அழித்துவிடும். இவ்வுண்மை ஏரிக்கு மட்டுமன்று. மனிதன் படைத்த எந்திரங்களுக்கும் பொருந்துவதாகும். டர்போசார்ஜர் என்னும் கருவி இதற்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறிஞர் ஆல்பிரட் பியூக்கி என்பார், எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி புகையோடு வீணே வெளியேறுவதைக் கருத்தூன்றி நோக்கினார். அப்புகையையே வேலை வாங்கும் வழியொன்றை வகுத்து, 1905ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்.

அக்கருவியின் அமைப்பு எளிது. ஓர் அச்சின் இருமுனையிலும் இரண்டு சக்கரங்கள் உள்ளன. வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும். அதனோடு சுழலும் மற்றொன்று, காற்றை அழுத்தி எஞ்சினுள் செலுத்தும். காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரியும், வலிமையும் பெருகும். சிறு கார்களில் இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழல்வதுண்டு. மெல்லிய எண்ணெய்ப் படலமே அச்சைத் தாங்கி நிற்கின்றது.

இடர் தோன்றும் இடமும் இதுவே. காற்று மிகுந்தால் எரிதல் மிகும். எரிதல் மிகுந்தால் புகை மிகும். புகை மிகுந்தால் சக்கரம் மேலும் விரையும். வேகம் இருமடங்காயின், சக்கரத்தைப் பிளக்க முயலும் விசை நான்மடங்காகும். அளவு கடந்தால் சக்கரத்தின் இதழ்கள் சிதறும். அச்சைத் தாங்கிய எண்ணெய் கசிந்து எஞ்சினுள் புகும். டீசல் எஞ்சின் அவ்வெண்ணெயையே உண்டு, சாவியைத் திருகி நிறுத்தினும் நில்லாது ஓடித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுதலும் உண்டு.

இக்கேட்டைத் தடுக்கவே வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு அமைந்துள்ளது. காற்றின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அவ்வழுத்தமே ஒரு சவ்வைத் தள்ளி, சுருள்வில்லின் தடையை வென்று, கதவைத் திறக்கும். மிகுந்த புகை சக்கரத்தைத் தீண்டாது பக்கவழியே அகலும்.

எனினும், இக்கதவு அறிவது அழுத்தத்தையேயன்றி வேகத்தையன்று. காற்றுக்குழாய் கிழிந்தால் அழுத்தம் ஏறாது, கதவும் திறவாது, சக்கரமோ வரம்பின்றி விரையும். காற்று வடிகட்டியில் தூசி அடைப்பினும், காற்றின் அடர்த்தி குறைந்த உயர்மலையில் ஏறினும், சக்கரம் மிகுதியாகச் சுழல நேரும். ஆதலின், குழாயையும் வடிகட்டியையும் காலந்தவறாது பார்த்தல் கடமையாகும். சில பெரிய எஞ்சின்களில் அச்சின் வேகத்தையே அளந்து, அது மிகும்போது எரிபொருளைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு.

இவ்வாறிருக்க, மேலும் விரைவு வேண்டி, கதவு எளிதில் திறவாதவாறு சுருள்வில்லை இறுக்குவோரும் உளர். அவர் செயல், நீரை மிகுதியாகத் தேக்க விரும்பிக் கலிங்கை அடைப்பான் செயலை ஒக்கும். சின்னாள் விரைவு கிட்டும்; பின்னர் எஞ்சினே இல்லாது போம்.

புகை வீணாகலாகாது என்னும் எண்ணத்திற் பிறந்த கருவி, அப்புகையிற் சிறிது வீணாக விட்டே உயிர் வாழ்கின்றது. கலிங்கு வழியே செல்லும் நீர் வீணான நீரன்று. கரையைக் காத்த நீர் அதுவே.