பிளாஸ்டிக் பல்லில் பழகும் கைகள்

செங்கல்பட்டு மின்சார ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட். இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு இருபது ரூபாய். ஆட்டோ விட்ட இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் நடை. தனியார் பல் மருத்துவக் கல்லூரி அது. பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே சுற்றிப் பார்க்க விட்டார்கள்.

பல் வைத்தியம் முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது, ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கின்றன என்று கொஞ்ச காலமாகவே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையின் கை எங்கே பழகுகிறது, எதில் பழகுகிறது? அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

காலை ஒன்பதே காலுக்கே புறநோயாளிகள் கூடத்தில் உட்கார இடமில்லை. கிராம்புத் தைல வாடை வாசலிலேயே வந்து மோதியது. ஓ.பி. சீட்டு முப்பது ரூபாய். சுவரில் கட்டணப் பலகை: பல் எடுக்க 100, சொத்தை அடைக்க 250, வேர் சிகிச்சை 1,200, உலோகத் தொப்பி 700, ஜிர்கோனியா தொப்பி 4,500. எங்கள் தெரு கிளினிக்கில் வேர் சிகிச்சைக்கு மட்டும் ஐந்தாயிரம் கேட்கிறார்கள். பலகையைப் பார்த்தபோதே கூட்டத்தின் காரணம் புரிந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்ததாகப் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் பல் பாதுகாப்புத் துறையின் உதவிப் பேராசிரியர். மாணவர்கள் அந்தத் துறையைச் சுருக்கமாக ‘கான்ஸ்’ என்கிறார்கள். “நீங்க முதல்ல டிஜிட்டல் லேப் பாருங்க சார்” என்றார். வரிசைப்படியே பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். நாலு வருடப் படிப்பு, அதன் மேல் ஒரு வருடப் பயிற்சி மருத்துவம் என்பது பி.டி.எஸ். முதல் வருடத்திலிருந்தே தொடங்கினோம்.

முதல் மாடியில், முதல் வருடப் பிள்ளைகள் மெழுகுக் கட்டையில் பல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜப் பல்லைவிடப் பெரிய அளவில், மேல் தாடையின் முன் பல். சின்னக் கத்தியால் சுரண்டச் சுரண்ட மேசையெல்லாம் மெழுகுத் துருவல். ஒரு பெண் தன் பல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பக்கத்தில் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டு, ஓரத்தில் நகக்கணு அளவு எடுத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். இதை எதற்குச் செய்ய வேண்டும், கம்ப்யூட்டரில் எல்லாப் பல்லின் வடிவமும் இருக்கிறதே என்று கேட்டேன். “பல்லோட மேடு பள்ளம் கைக்குத் தெரியணும் சார். நாளைக்கு உடைஞ்ச பல்லைக் கட்டும்போது பார்த்து வரைய எதுவும் இருக்காது” என்றார் பேராசிரியர்.

இரண்டாம் மாடியில்தான் நான் அதிக நேரம் நின்றது. இரண்டாம் வருடப் பிள்ளைகளின் முன் மருத்துவப் பயிற்சிக் கூடம். நீளமான மேசைகள். ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே கம்பியில் பொருத்திய ஒரு தலை, ரப்பர் கன்னம், உள்ளே பிளாஸ்டிக் பல் வரிசை. இதை ‘பாண்டம் ஹெட்’ என்கிறார்கள். கிளாஸ்கோவில் ஆஸ்வால்ட் பெர்கஸ் என்பவர் 1894இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு. அதற்கு முன் பல்லைக் கையில் வைத்தோ மேசையில் பதித்தோ பழகியவர்கள், பெர்கஸுக்குப் பிறகு வாய்க்குள் கையை விடும் கோணத்திலேயே பழகத் தொடங்கினார்கள்.

ஏரோட்டர் சத்தம் காதைத் துளைத்தது. காற்றழுத்தத்தில் சுழலும் கருவி, நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல். 1957இல் அமெரிக்காவில் ஜான் போர்டன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பல்லைக் குடைவது நிமிடக் கணக்குக்கு வந்தது. இங்கே அந்தக் கைப்பிடியை மாணவர்களே வாங்குகிறார்கள். ஒருவர் 3,800 ரூபாய் என்றார். முனையில் மாட்டும் வைர பர் ஒன்று 80 ரூபாய். கெடுத்துவிட்டால் மாற்றும் பிளாஸ்டிக் பல் ஒன்று 60 ரூபாய். மேசையோரம் ஒரு டப்பாவில் அப்படிக் கெட்ட பற்கள் கால்வாசி நிறைந்திருந்தன.

ஒரு மாணவியின் பின்னால் போய் நின்றேன். கீழ்த் தாடை முதல் கடைவாய்ப் பல். மேற்பரப்பில் தொடங்கி பக்கவாட்டுச் சுவர் வரை இறங்கும் குழி வெட்ட வேண்டும். நூறு வருடத்துக்கு முன் சிகாகோவில் ஜி.வி. பிளாக் வகுத்த வரிசையில் இது இரண்டாம் வகைக் குழி. ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். அடித்தளம் சமமாக இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லை பர் தொடவே கூடாது. அவள் நேரே பார்க்கவில்லை. இடது கையில் பிடித்த சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வலது கையை ஓட்டினாள். மோதிர விரலைப் பக்கத்துப் பல் மேல் ஊன்றியிருந்தாள். தண்ணீர் தெறித்தது, பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. நிறுத்தினாள். கோடு போட்ட ஆழமானியை விட்டுப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள்.

கடைசியாகப் பக்கவாட்டுச் சுவரை உடைக்கும் நேரம். ஒரு நொடி, பர் வழுக்கியது. பக்கத்துப் பல்லின் தோளில் மயிரிழை போல ஒரு கீறல். எனக்குத் தெரியவே இல்லை. குனிந்து பார்த்த ஆசிரியர் நகத்தால் தடவிக் காட்டினார். “இது நிஜப் பல்லா இருந்தா, நல்லா இருந்த பல்லுல அழுக்கு தங்க இடம் பண்ணிக் குடுத்துட்டே. அடுத்த சொத்தை இங்கதான் வரும்.” அவள் ஒன்றும் பேசாமல் திருகாணியைக் கழற்றி, அந்தப் பல்லை டப்பாவில் போட்டு, புதுப் பல்லை மாட்டினாள். பக்கத்துப் பல்லில் காயம் படுத்துவது மாணவர்களிடம் மட்டுமில்லை, தொழிலில் இருப்பவர்களிடமும் அடிக்கடி நடக்கும் பிழை என்பது பல் மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது.

குழியை அடைக்க அவர்கள் பயன்படுத்தியது அமால்கம். வெள்ளி கலந்த உலோகத் தூளும் பாதரசமும் சேர்ந்த கலவை; எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தை ஏறக்குறைய நிறுத்தியே விட்டது. கீழ்த் தளத்து நோயாளிகளுக்கு இதை அடைக்கிறீர்களா என்று கேட்டேன். “ரொம்பக் குறைவு சார், பல் நிறச் சிமென்ட்தான் கேக்கறாங்க. ஆனா பரீட்சைக்கு இதான்” என்றான் ஒரு மாணவன். நோயாளிக்குக் குறைந்துகொண்டே வரும் ஒன்றைப் பரீட்சைக்காகப் பழகுகிறார்கள். பாடத்திட்டம் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது.

மேசைக்கு அடியில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே திரவத்தில் நிஜப் பற்கள், பழுப்பும் மஞ்சளுமாக. நோயாளிகளிடம் எடுத்தவை, கிருமி நீக்கி வைத்திருக்கிறார்கள். வேர் சிகிச்சைப் பயிற்சிக்கு இவைதான். பிளாஸ்டிக் பல் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வெட்டுப்படும். நிஜப் பல்லில் எனாமல் கல்போல எதிர்க்கும், அதைத் தாண்டி டென்டைனுக்கு வந்ததும் பர் சட்டென்று இறங்கும். அந்த மாற்றத்தை விரல் உணர வேண்டும். இதைச் செயற்கையாகத் தரவே கை உணர்வு தரும் சிமுலேட்டர்கள் வந்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ஆக்டா பல் மருத்துவக் கல்லூரியின் துணையோடு உருவான சிமோடான்ட் அதில் பேர் பெற்றது. இந்தக் கல்லூரியில் அது இல்லை. ஜாடிதான் இருக்கிறது.

அந்தக் கூடத்தை விட்டுக் கிளம்பும்முன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்பினேன். ஒரு மாணவன் முடித்த பல்லை இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் காட்டச் சொன்னேன். ஒருவர் பத்துக்கு ஏழு போட்டார், இன்னொருவர் ஐந்து. இருவருமே அனுபவசாலிகள். கண் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறும் என்பது பல் மருத்துவக் கல்வி ஆய்வுகளில் பழைய தலைவலி. ஸ்கேனர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

அதே பல்லை எடுத்துக்கொண்டு டிஜிட்டல் லேப்புக்குப் போனோம். குளிர்சாதன அறை, செருப்பை வெளியே விட வேண்டும். பேனா அளவைவிடப் பெரிய ஸ்கேனரைப் பல்லைச் சுற்றி ஓட்டினார்கள். திரையில் பல் துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. சரியாக வெட்டிய மாதிரியை அதன் மேல் பொருத்தியதும் நிறங்கள் பரவின. பச்சை என்றால் அளவு சரி. சிவப்பு, நீலம் என்றால் கூடுதல் அல்லது குறைச்சல். அடித்தளத்தின் ஒரு மூலை நீலத்தில் இருந்தது. ஏழு போட்டவர் கண்ணுக்குத் தப்பிய பள்ளம் அது. மாணவன் குனிந்து பார்த்து, “ஓ, இங்கதான் கை சாஞ்சிருக்கு” என்றான். நல்ல கருவி, சந்தேகமே இல்லை.

எல்லா மாணவரும் இதில்தான் பழகுகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். கதவோரம் ஆணியில் ஒரு பயன்பாட்டு நோட்டு தொங்கியது. அனுமதி கேட்டுப் புரட்டினேன். அந்த மாதப் பக்கங்களில் கையெழுத்துகள் ஏறக்குறைய எல்லாமே முதுநிலை மாணவர்களுடையவை. பி.டி.எஸ். மாணவர்கள் பெயர் இரண்டு இடத்தில்தான் இருந்தது. கேட்டதும் பேராசிரியர் மறைக்கவில்லை. “ஒரு ஸ்கேனர், நூறு பிள்ளைங்க. முறை வைக்க முடியலை.”

அடுத்த அறையில் தொப்பி கடையும் இயந்திரம். 1985இல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வழியே கடைந்த அடைப்பை நோயாளியின் பல்லில் பொருத்தினார். அந்த வழியில் வந்ததுதான் இது. கண்ணாடிக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற ஜிர்கோனியா வட்டு சுழன்றது. கடைந்து விழுந்த தொப்பியைக் கையில் வாங்கினேன், விரலில் மாவாக ஒட்டியது. நிஜப் பல்லைவிடப் பெரிதாக இருந்தது. உலையில் சுமார் 1,500 டிகிரியில் வெந்தபின் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குமாம், அதற்குத்தான் கணக்குப் போட்டுப் பெரிதாகக் கடைகிறார்கள். வெந்து வந்ததைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் தொழில்நுட்பர். தட்டினால் பீங்கான் சத்தம்.

இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர் அவர். திரையில் ஒரு பல்லைக் காட்டினார். அடி விளிம்பு ஓரிடத்தில் தெளிவாக இருந்தது, இன்னோரிடத்தில் ஈறோடு கலந்து மங்கியிருந்தது. “விளிம்பை டாக்டர் சுத்தமா வெட்டலைன்னா மெஷின் என்ன பண்ணும் சார்? அது குத்துமதிப்பா ஒரு கோடு போடும். தொப்பி உக்காரும், ஆனா ஓரத்துல இடைவெளி இருக்கும். ரெண்டு வருஷத்துல உள்ள சொத்தை.” அன்று கேட்டதிலேயே முக்கியமான பேச்சு இது.

மதியத்துக்குள் கீழ்த் தளத்து சிகிச்சைக் கூடத்துக்கு வந்தோம். பூ வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பயிற்சி மருத்துவர் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிட்டார். ஆசிரியர் கொக்கி முனையை மூலையில் விட்டு அழுத்தினார். “இங்க இன்னும் மெத்துன்னு இருக்கு, எடு.” மறுபடி எடுத்து, மறுபடி காட்டியபிறகே சீட்டில் முதல் கையெழுத்து. பிறகு நீல நிற அமிலக் கூழ், பதினைந்து நொடி. கழுவி உலர்த்தியதும் எனாமல் ஓரம் சுண்ணாம்பு வெள்ளையாக மாறியது. அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் போனகோர் 1955இல் கண்டது இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. பல் நிறப் பசையை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல ஒளி காட்டினார். “இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா, வாயை நல்லாத் திறங்க.” மொத்தம் ஒன்றேகால் மணி நேரம், மூன்று கையெழுத்து, 250 ரூபாய். தனியார் கிளினிக்கில் அரை மணிக்குள் முடியும் வேலை. ஆனால் மூலையில் மிச்சமிருந்த சொத்தையை இரண்டாவது ஆளாகத் தொட்டுப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பார்த்தவரையில் என் முடிவு இதுதான். ஸ்கேனர் பிழையைக் காட்டும், திருத்துவது கைதான். கடையும் இயந்திரம் கை வெட்டிய விளிம்பை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே கருவி வாங்குகிற கல்லூரிகள் அதை முதுநிலை அறையில் பூட்டி வைக்காமல், இரண்டாம் வருட மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கெட்டுப்போன அறுபது ரூபாய்ப் பல் ஒவ்வொன்றும் ஒரு முறை ஸ்கேனரில் ஏறிவிட்டு டப்பாவுக்குப் போகட்டும். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, ஒரு ஸ்கேனருக்கு எத்தனை மாணவர், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மேசை என்று கேட்பது நல்லது.

பல் வலியைச் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்கிக்கொண்டு காலையிலேயே போங்கள். மாணவர்தான் செய்கிறார் என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வந்து பார்த்தாரா, கையெழுத்துப் போட்டாரா என்று மட்டும் கவனியுங்கள். போடவில்லை என்றால் தைரியமாகக் கேளுங்கள்.