ரம்புக்கனையில் ஒரு சின்னச் சக்கரம்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதம் ரம்புக்கனையை நெருங்கியதும், பழகிய பயணிகள் சன்னலோரமாக நகர்ந்துகொள்வது வழக்கம். அதுவரை சமநிலத்தில் ஓடிவந்த இருப்புப் பாதை அங்கேதான் மலையேறத் தொடங்குகிறது. இரட்டைப் பாதை அங்கே முடிந்து, ஒற்றைப் பாதையாகிக் கடுகண்ணாவை வரை ஏறக்குறைய 12 மைல் தூரம் 45 அடிக்கு ஓரடி வீதம் உயர்ந்துகொண்டே போகிறது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய நாள் முதல் இவ்வேற்றம் இயந்திரங்களுக்கு ஒரு பரீட்சையாகவே இருந்து வந்திருக்கிறது. நீராவிக் காலத்தில், பின்னாலிருந்து தள்ளுவதற்கென்றே மற்றோர் இயந்திரத்தை ரம்புக்கனையில் பூட்டுவார்கள்.

அக்கால இயந்திரங்களின் பெருஞ் சக்கரங்களை உற்றுப் பார்த்தவர்கள், ஆரக்கால்களுக்கிடையே பிறைவடிவான இரும்புத் திண்டு ஒன்றைக் கண்டிருப்பார்கள். அது அழகுக்காக வைத்ததன்று. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் தண்டு பூட்டிய பாரம் இருக்கிறது. அதை ஈடு செய்ய மறுபக்கத்தில் இப்பாரம். இல்லையேல் இயந்திரமும் குலுங்கும், பாதையும் நோகும். இந்தப் பெரிய விஷயத்தை நாம் நன்றாக விளங்கிக்கொண்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னச் சக்கரத்தினிடம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

ரம்புக்கனையென்றதும் பலருக்கு நினைவு வருவது 1975இல் தொடங்கப்பெற்ற பின்னவலை யானைகள் காப்பகமே. உல்லாசப் பயணிகள் அங்கு சென்று, யானைகள் ஆற்றில் நீராடுவதைக் கண்டு களித்துத் திரும்பி விடுகிறார்கள். பாதையின் இருமருங்கிலும் வரிசையாக நிற்கும் றப்பர் மரங்களை அவர்கள் கவனிப்பதில்லை. பிரேசில் நாட்டில் விக்ஹாம் என்பார் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றுகளாக இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் மலைச்சரிவுகளில் இன்று நிற்பவை அவ்வகை மரங்களே. அவற்றோடு வந்து சேர்ந்தவர்கள் நம்மவர். லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள்.

அத்தகைய லயம் ஒன்றுக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் விடியுமுன் பால் வெட்டப் போய்த் திரும்பியிருந்தார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் ஆதலால், அத்தொழிலில் சூரியனுக்கு முந்த வேண்டும். பட்டையைச் சரிவாகச் சீவுகையில் கத்தி சற்று ஆழ்ந்து உயிர்ப்படலத்தில் பட்டுவிட்டால், மரத்தில் முண்டு விழுந்து பின்னர் வெட்ட முடியாமற் போகும். ஒரு மயிரிழைக் கணக்கு அது. திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய மகனும் வேறொரு மயிரிழைக் கணக்கில் ஆழ்ந்திருந்தான்.

அவன் முன்னே ஒரு விளையாட்டு மோட்டார் வண்டி. வெறும் பொம்மையன்று, மின்கலத்தால் ஓடுவது, கையிலுள்ள கருவியிலிருந்து வானொலி அலை மூலம் ஏவப்படுவது, உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவினது. வெளிநாட்டிலுள்ள மாமன் தாம் ஓட்டிக் கழித்ததை அனுப்பியிருந்தாராம். வேகம் கூடினால் முன்புறம் நடுங்குகிறது. அச்சின் குண்டுப் போளைகளும் தேய்கின்றன. புதிய டயர் ஒரு சோடி தகப்பனாரின் பல நாட் கூலியை விழுங்கிவிடும். ஆகவே பழையதையே சீர்செய்ய முனைந்திருந்தான்.

“குறை எங்கே இருக்கிறது, தம்பி?” என்று கேட்டோம்.

“பாரத்தில, ஐயா. டயரை ஒட்டின பசை ஒரு பக்கம் கூடிப்போச்சு. உள்ளே இருக்கிற பஞ்சு வளையமும் பொருத்தின இடத்தில தடிப்பா இருக்கு,” என்றான்.

அவன் செய்திருந்த கருவி இரண்டு சவர அலகுகளும் ஒரு மரச் சட்டமுமேயாகும். அலகுகளை மட்டம் பார்த்து இணையாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவே மெல்லிய உருக்குக் கம்பியை ஆடாமற் செருகி, கம்பியின் இரு முனைகளையும் அவ்வலகுகளின் மேல் வைத்தான். சக்கரம் தானே உருண்டு, சிறிது ஆடி, நின்றது. பாரமான பக்கம் கீழே வந்துவிட்டது. அதற்கு நேரெதிரே, வட்டின் உட்புறத்தில் கடுகளவு களிமண் ஒட்டி மறுபடியும் வைத்தான். எப்படித் திருப்பி வைத்தாலும் வைத்தபடி நிற்கும்வரை கூட்டுவதும் கிள்ளுவதுமாக இது நீடித்தது. பின்னர் களிமண்ணை எடுத்து, அதே நிறையுள்ள ஒட்டுநாடாத் துண்டை அவ்விடத்தில் ஒட்டினான். களிமண் காய்ந்து தெறித்துவிடுமல்லவா!

கடுகளவுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. சக்கரத்தின் குறுக்களவு 65 மில்லிமீற்றர். வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் அது நிமிடத்துக்கு 5,000 தடவைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். மையத்திலிருந்து 25 மில்லிமீற்றர் தள்ளி ஒரேயொரு கிராம் மிகுந்திருந்தாலும், அது ஏறக்குறைய 700 கிராம் பாரத்தின் வலுவோடு அச்சை வெளியே இழுக்கும். அதுவும் ஒரே திசையிலன்று. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளிலும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். வண்டி நடுங்குவதில் வியப்பென்ன? வீதியில் ஓடும் பெரிய மோட்டார்களின் சக்கர விளிம்பில் சிறு உலோகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதற்காகவேதான்.

மகனுக்கு மோட்டார்த் தொழில் பயிலக் கண்டிக்குப் போக விருப்பம். தகப்பனாருக்கோ போக்குவரத்துச் செலவு பற்றிய கவலை. அதற்குமேல், விளையாட்டுச் சாமானோடு பொழுது போக்குகிறவன் தொழிலில் நிலைப்பானா என்ற ஐயமும் இருந்தது. அதை நம்மிடம் மறைக்கவுமில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது சக்கரம் அலகுகளின் மேல் ஆடி அடங்குவதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூடிப்போச்சுடா. கொஞ்சம் கிள்ளு,” என்றார்.

மகன் கிள்ளினான். சக்கரம் நின்றது. கால்வட்டம் திருப்பி வைத்தான், நின்றது. தலைகீழாக்கினான்; அப்போதும் நின்றது. தகப்பனார் தாமே ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பின்பு கண்டிக்குக் காலைப் புகையிரதம் ரம்புக்கனையில் எத்தனை மணிக்கு நிற்குமென்று எம் நண்பரிடம் விசாரிக்கலானார். பருவச் சீட்டு எடுத்தால் செலவு எவ்வளவு குறையுமென்றும் கேட்டார்.

எமக்குப் புகையிரதத்துக்கு நேரமாகிவிட்டது. விடைபெறும்போது நான்காவது சக்கரம் அலகுகளின் மேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.