தட்டைத் திருப்பிப் பார்க்கிற ஊர்

இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோத்திரம் கிடையாது, குலதெய்வம் கிடையாது. ஆனால் பெயருக்குப் பின்னால் முப்பாட்டனாரின் தொழில் ஒட்டிக் கொண்டிருக்கும். ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர், தாட்சர் என்றால் கூரை வேய்கிறவர். இதெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். தெரியாத வேடிக்கை ஒன்று உண்டு. நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்துகிற தொழில் ஒன்று அங்கே இருந்தது. அதைச் செய்தவருக்கு வடக்கே வாக்கர் என்று பெயர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். தொழில் ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஆகவே ஒருவருடைய பெயரைக் கேட்டே, 'உங்கள் முன்னோர்கள் இந்தப் பக்கத்தவர்களாக இருக்கலாம்' என்று ஓரளவு ஊகித்து விடலாம்.

பெண்கள் தொழிலும் பெயராகி இருக்கிறது. பாக்ஸ்டர், வெப்ஸ்டர், புரூஸ்டர் எல்லாம் முதலில் ரொட்டி சுட்ட, துணி நெய்த, பீர் காய்ச்சிய பெண்களைக் குறித்த சொற்களாம். நூல் நூற்கிறவள்தான் ஸ்பின்ஸ்டர். அதுவே பிறகு கல்யாணமாகாதவள் என்ற அர்த்தத்துக்கு வந்து, 2005 வரைக்கும் கல்யாண ரிஜிஸ்தரில் மணப்பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டு வந்தது!

மகளின் பிரசவத்துக்காக ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். பீங்கான் ஊர் இது. வெஜ்வுட், ஸ்போட், மின்டன் என்று சாமான்களின் அடியில் அச்சடித்திருக்குமே, அந்தப் பெயர்களெல்லாம் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். ரயிலடியை விட்டு வெளியே வந்ததுமே கையில் ஜாடியைப் பிடித்தபடி ஜோசையா வெஜ்வுட் சிலையாக நிற்கிறார். 1730-ல் இங்கே பர்ஸ்லெமில் பிறந்தவர். அம்மை போட்டதில் பழுதான காலை 1768-ல் வெட்டி எடுத்தார்களாம். அடுத்த வருஷமே புதுத் தொழிற்சாலையைத் திறந்தார் என்றால் எப்பேர்ப்பட்ட மனுஷர், பாருங்கள்.

ஒரே ஊர் என்று பெயரே தவிர, உண்மையில் இது ஆறு ஊர். டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று வரிசையாக நீண்டு கிடப்பவற்றை 1910-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆர்னால்டு பென்னட் என்ற நாவலாசிரியர் தம் கதைகளில் ஐந்து ஊர் என்று எழுதி ஃபென்டனை விட்டு விட்டார். ஃபென்டன்காரர்களுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை!

ஊர் மனுஷர்களை எனக்கு ரொம்பப் பிடித்து விட்டது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாம் 'கண்ணு' என்கிறோமே, அதுபோல. சாப்பாட்டிலும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் கலந்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, கல்லில் வட்டமாக ஊற்றிச் சுடுகிறார்கள். 'ஓட்கேக்' என்று பெயர். பார்த்தால் நம் தோசையேதான்! இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டு வந்த பழக்கம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஓட்ஸ் அந்த மண்ணில் காலங்காலமாக விளைவது. மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்ற நம்மிடம் வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டுமா என்ன? உள்ளே சீஸ் வைத்துச் சுருட்டித் தருவார்கள். நான் மிளகாய்ப் பொடி தொட்டுக் கொண்டேன். அமோகம்.

எதிர்வீட்டில் எண்பதை எட்டிய ஒரு மூதாட்டி. குழந்தை பிறந்த செய்தி கேட்டுப் பின்னிய கம்பளிக் குல்லாயுடன் வந்தார். தட்டில் நாலு முறுக்கு வைத்துக் கொடுத்தேன். முறுக்கை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு, காலித் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாரே பார்க்கலாம்! எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, தப்பா எடுத்துக்காதே. இந்த ஊர்க்காரங்க எங்கே போனாலும் இப்படித்தான். எந்தக் கம்பெனித் தட்டுன்னு பார்க்காம இருக்க முடியாது" என்றாள் என் பெண்.

திருப்பிப் பார்ப்பதில் விஷயம் இருக்கிறதாம். வைர வடிவத்தில் ஒரு முத்திரை இருந்தால் அந்த டிசைன் 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 'இங்கிலாந்து' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது. அமெரிக்கா போட்ட இறக்குமதிச் சட்டத்துக்காக அப்படிப் போட ஆரம்பித்தார்கள். இவை தவிர, பூ எழுதிய பெண் சின்னதாக ஒரு கோடோ புள்ளியோ வைத்திருப்பாள். எத்தனை தட்டு எழுதினாள் என்று கணக்குப் பார்த்துக் கூலி தருவதற்கான அடையாளம் அது. பல பெண்கள் விட்டுச் சென்ற கையெழுத்தே அவ்வளவுதான்.

அந்த அம்மாள் சில வருஷங்களாகத் தம் பாட்டியின் தாயாரைத் தேடிக் கொண்டிருந்தார். "குழந்தைகள் நிறையப் பெற்றாள், நிறைய இறந்தன என்று பாட்டி சொல்வாள். எத்தனை என்று கேட்டால் பேச்சை மாற்றி விடுவாள்" என்றார்.

அந்த நாட்டில் காகிதங்களை எப்படிப் பாதுகாத்திருக்கிறார்கள் என்கிறீர்கள்! 1538-லிருந்து மாதா கோவில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. 1837 ஜூலை முதல் அரசாங்கமே பிறப்பு, கல்யாணம், இறப்புகளைப் பதிந்து வருகிறது. 1841-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் பெயரும் தொழிலும் எழுதிய ஜனத்தொகைக் கணக்கு இருக்கிறது. நூறு வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1921-ஆம் வருஷக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. 1931-ல் எடுத்தது 1942-ல் தீயில் போய் விட்டது. 1941-ல் யுத்தம் காரணமாக எடுக்கவேயில்லை.

பெண்களைத் தேடுவதுதான் கஷ்டம். கல்யாணப் பத்திரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர், தொழில், பெண்ணின் தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் இருக்கும். பெற்ற தாயார் இருவருக்கும் இடமே கிடையாது. 2021 மே மாதத்தில்தான் அம்மா பெயரையும் சேர்த்தார்கள். ஜனத்தொகைக் கணக்கிலும் பெண்டாட்டியின் பெயருக்கு நேரே தொழில் என்ற இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அவள் தொழிற்சாலையில் பத்து மணி நேரம் உழைத்திருந்தாலும்கூட! யுத்தம் ஆரம்பித்ததும் 1939 செப்டம்பரில் எல்லாரையும் பதிவு செய்தார்கள். அதில் இல்லத்தரசிக்கு எழுதிய தொழில் என்ன தெரியுமா? 'சம்பளமில்லாத வீட்டு வேலை.' இதைக் கேட்டு என் பெண்ணும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். உண்மையை எழுதி விட்டார்களே!

தொழில் பெயர்களைப் படிப்பதற்கும் அந்த ஊர் அகராதி வேண்டும். அந்த அம்மாளின் குடும்பத்தில் ஒருவர் 'ஃபயர்மேன்'. தீயணைப்புக்காரர் என்றுதானே நினைப்போம்? இங்கே சூளைக்குத் தீ மூட்டிக் காக்கிறவர். தீயை அணைய விடாமல் பார்ப்பதே அவர் வேலை! 'பிளேசர்' என்பவர் பாண்டங்களைச் சூளைக்குள் அடுக்குகிறவர். 'மோல்டு ரன்னர்' என்பது அச்சுகளைத் தூக்கிக் கொண்டு உலர்த்தும் அறைக்கு ஓடியோடி வருகிற சிறு பையன். எல்லாவற்றையும்விட நீளமான பட்டம் 'சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்'. பீங்கான் மேல் புகை படாமலிருக்க அதை ஒரு தடித்த மண் பெட்டியில் வைத்துச் சுடுவார்கள். அந்தப் பெட்டிதான் சாகர். அதற்கு அடித்தகடாகக் களிமண்ணைச் சம்மட்டியால் தட்டித் தருகிற பையனுக்கு இந்தப் பட்டம்.

ஒரு நாள் அந்த அம்மாளுடன் பஸ் ஏறி லாங்டனுக்குப் போய், பழைய தொழிற்சாலை ஒன்றை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கும் கிளாட்ஸ்டன் மியூசியத்தைப் பார்த்தேன். நடு முற்றத்தைச் சுற்றிலும் ராட்சஸ பாட்டில்களைப் போல் செங்கல் சூளைகள். ஒரு காலத்தில் இந்த ஆறு ஊர்களிலும் இவை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தனவாம். ஒரு முறை எரிக்கப் பத்து டன்னுக்கு மேல் நிலக்கரி. தெருவில் எதிரே வருகிறவர் தெரியாத அளவுக்குப் புகை மூடுமாம். துணி உலர்த்துகிறவர்கள் பாட்டை நினைத்துப் பாருங்கள். 1956-ல் வந்த சுத்தக் காற்றுச் சட்டத்தால் இந்தச் சூளைகள் ஒவ்வொன்றாக நின்று போயின. பழைய முறை மறந்து போகக் கூடாது என்று 1978-ல் லாங்டனில் கடைசியாக ஒரு தடவை மூட்டினார்கள். இப்போது ஐம்பதுக்கும் குறைவான சூளைகள்தான் மிச்சம்.

சூளைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். சூடு ஆறுவதற்கு முன்பே ஈரத்துணியைச் சுற்றிக் கொண்டு உள்ளே போய்ப் பெட்டிகளை வெளியே எடுப்பார்களாம்.

அடுத்த அறைதான் பெண்களுடையது. மெல்லிய காகிதத்தில் அச்சிட்ட நீலப் பூவைச் சிறுமிகள் கத்தரித்துத் தர, பெரியவர்கள் அதைத் தட்டின் மேல் ஒட்டி, சோப்பு தொட்ட முரட்டுப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். தையல் சேருமிடம் தெரியக் கூடாது. "என் பாட்டி பதின்மூன்று வயதில் இந்தக் கத்தரிக்கோலைப் பிடித்தவள்" என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அதற்கடுத்தது மெருகு பூசும் அறை. இங்கே வந்ததும் எனக்கு மனசு கனத்து விட்டது. பீங்கானுக்குப் பளபளப்பு தருகிற அந்தக் குழம்பில் அந்நாளில் ஈயம் சேர்ப்பார்கள். 'டிப்பர்' என்பவர் முழங்கை வரை கையை விட்டுத் தட்டுகளை முக்கி எடுப்பார். உலர்ந்த பிறகு அதிகப்படி மெருகைப் பெண்கள் சுரண்டி எடுப்பார்கள். தூள் பறந்து மூக்கிலும் வாயிலும் போகும். அதே கையால் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுவார்கள். ஈறில் நீலக்கோடு, வயிற்றுவலி, மணிக்கட்டு விழுந்து போதல், சிலருக்குக் கண் பார்வையே போய் விடும். கர்ப்பிணிகளுக்கோ குறைப்பிரசவம், பிறந்தாலும் நோஞ்சான் குழந்தை. 1890-களின் கடைசியில்தான் இந்த வேலை செய்யும் பெண்களை மாதாமாதம் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஈயத்தை ஒழிக்க மேலும் ஐம்பது வருஷம் ஆயிற்று.

சகோதரிகளே, இதில் நமக்கும் ஒரு வார்த்தை. பரணில் கிடக்கும் பழைய வர்ணப் பீங்கான் சாமான், எங்கே செய்ததென்று தெரியாத மெருகுக் கிண்ணம் இவற்றை அலங்காரத்துக்கு வையுங்கள். புளி, எலுமிச்சை, தயிர், ஊறுகாய் எதையும் அவற்றில் ஊற்றி வைக்க வேண்டாம். புளிப்பு பட்டால் மெருகிலுள்ள ஈயம் உணவில் இறங்கும். குழந்தைகளுக்கு அது கொஞ்சம் சேர்ந்தாலும் ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் தாம் எடுத்து வைத்திருந்த 1911 கணக்கின் நகலைக் காட்டினார். அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. கல்யாணமான பெண்கள் உயிரோடு பெற்ற குழந்தைகள் எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று மூன்று கட்டங்கள். குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய படிவங்களையே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவருடைய கொள்ளுப்பாட்டியோ அப்போது நாற்பத்தொரு வயது விதவை. டிப்பராக இருந்த புருஷன் போய் விட்டார். ஆகவே தலைவி அவளேதான், எழுத்தும் அவளுடையதேதான். தொழில் என்ற இடத்தில் மெருகு சுரண்டுகிறவள் என்று எழுதியிருக்கிறாள். மூன்று கட்டங்களிலும் கோணல்மாணலாக 8, 3, 5.

அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. விதவைகள் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை என்பது சட்டம். ஆபீஸில் யாரோ ஒரு குமாஸ்தா அடித்து விட்டிருக்கிறார். அடித்தும் என்ன? எண்கள் தெளிவாகத் தெரிகின்றன.

"இவளை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறாள்" என்றார். நான் பேரக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வது? அடுப்பில் காப்பிக்கு வெந்நீர் வைத்தேன்.

ஈயத்தால்தான் ஐந்து குழந்தைகளும் போனார்கள் என்று சொல்வதற்கில்லை. அம்மையும் கக்குவானும் பேதியும் குழந்தைகளை வாரிக் கொண்டு போன காலம் அது. பிறப்புப் பட்டியலில் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் இருப்பதால், அதை வைத்து அந்தப் பகுதியில் பிறந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து, இறப்புப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கொண்டே வந்திருக்கிறார் அந்த அம்மாள். நாலு குழந்தைகள் கிடைத்து விட்டார்கள். மூத்தவனுக்கு வயது இரண்டு, கடைசியாகக் கிடைத்தவளுக்குப் பதினோரு நாள். நாலு பெயரையும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். அவர்கள் குடியிருந்த தெரு இடிக்கப்பட்டு இப்போது கார் நிறுத்துமிடமாகி விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளுக்கான பொதுக்குழி என்பதால் பெயர்ப் பலகை எதுவும் கிடையாது.

ஐந்தாவது குழந்தை மட்டும் இன்னும் அகப்படவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பாளோ, அங்கே பதிந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நம் ஊர்ப் புத்தி! அவர் கண்ணை அகல விரித்து, "அவள் அம்மா ஃபென்டனில் அல்லவா இருந்தாள், டக்!" என்றார். நான் ஊருக்குக் கிளம்பிய வாரம் ஃபென்டன் பதிவுகளை வரவழைக்க எழுதிப் போட்டிருந்தார்.