ரயிலடி விடுதி

நாரா நகரத்து மகா புத்தரைத் தரிசிக்கவேண்டுமென்பது என் தாயாரின் வெகுநாளைய ஆசை. 752-ம் வருஷத்தில் அந்த வெண்கலச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற பாரத நாட்டுத் துறவி. வகுப்பில் நான் சொல்லும் இக்கதையை வீட்டிலும் சொல்லி ஆசையை வளர்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு வயது 72; முழங்கால் வலி வேறு. ஆகையால் க்யோட்டோவில் அறையின் அழகைப் பாராமல், ரயிலடிக்கு எத்தனை நிமிஷ நடை என்பதை மட்டும் பார்த்து, ஒரு சிறு ஹோட்டலில் ஜாகை கொண்டோம். 'பிஸினஸ் ஹோட்டல்' என்று இவற்றுக்கு அங்கே பெயர்.

இரண்டு கட்டில்களுக்கப்பால் பெட்டியைத் திறக்க இடமில்லை. ஆயினும் யுகாதா என்னும் இரவு அங்கி, அறைச் செருப்பு, மின்சாரக் கெட்டில், பச்சைத் தேயிலை, எதற்கும் குறைவில்லை. இனாமுக்காகத் தலையைச் சொறிவோரும் இல்லை!

ஸ்நான அறைதான் விசித்திரம். தரை, சுவர், தொட்டி யாவும் தொழிற்சாலையில் செய்து, கொணர்ந்து பொருத்துபவை. 1964-ம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்ஸை முன்னிட்டு ஒரு பெரிய ஹோட்டலை விரைந்து கட்டி முடிப்பதற்காகப் பிறந்த யுக்தி இது. யுக்தி நல்லதே. ஆனால் வாசற்படி உயரம். தொட்டியின் விளிம்போ அதைவிட உயரம். இதைச் செய்தவர்களுக்கெல்லாம் தாயார் இல்லையா என்று எனக்குக் கோபமே வந்தது.

"கோபம் எதற்கு? கையைக் கொடு, ஏறிவிடுகிறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் ரயில் முக்கால் மணி நேரத்தில் நாராவை அடைந்தது. ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள அந்தப் புத்தர் முன் அம்மா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. மாலையில் ரயிலடியிலிருந்து அடிகளை எண்ணியபடியே நடந்து வந்தவள், நான் தேநீர் போடுமுன்பே அந்தக் குறுகிய கட்டிலில் உறங்கிப்போனாள்.