சொட்டு மருந்தும் அளவுக் கணக்கும்

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் ‘தேந்த்யூர்’ என்று ஒரு சொல் உண்டு. துணிக்குப் போடும் சாயத்துக்கும் அதுதான் பெயர், ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுக்கும் மருந்துக்கும் அதுதான் பெயர். நாம் டிங்சர் என்கிறோம். சின்ன வயதில் முட்டி தேய்ந்து வந்தால் டிங்சர் அயோடின் தடவுவார்கள், எரிச்சலில் தெருவே கேட்கக் கத்துவோம். இன்று நான் எழுதப்போவது வேறு டிங்சர். கஞ்சா டிங்சர். முகம் சுளிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

புதுச்சேரியில் கலால் துறையில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு சட்டப் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார்கள். மருந்துகள், அழகுப் பொருட்கள் மீதான 1955-ஆம் வருடத்துக் கலால் வரிச் சட்டம். சாராயம், அபின், ‘இந்திய ஹெம்ப்’ கலந்த மருந்துகளுக்கு வரி என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. இந்திய ஹெம்ப் என்றால் கஞ்சா. பிடித்துக் கொண்டுவந்து சீல் வைக்கிற சரக்கு மருந்துக்கான சட்டத்தில் எப்படி வந்தது என்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். “ஒரு காலத்தில அது மருந்துக்கடைச் சரக்குப்பா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் பற்றி உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது.

முதலில் நம் ஊர்ச் சம்பந்தம். கஞ்சாச் செடிக்கு ‘இண்டிகா’ என்ற பெயரை 1785-இல் வைத்தவர் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பார்த்த மாதிரிச் செடி இந்தியாவிலிருந்து சொன்னெரா என்பவர் சேகரித்தது. இந்த சொன்னெரா பல வருடம் நம் புதுச்சேரியில் இருந்தவர்.

அதை ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுபோனவர் ஓஷானசி. அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவரேதான். நம் வைத்தியர்களும் ஹகீம்களும் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்து, முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். பிறகு அதன் சாரத்தை ஸ்பிரிட்டில் கரைத்து, வாத நோய்க்காரர்களுக்கும், வலிப்பு வந்த ஒரு கைக்குழந்தைக்கும் கொடுத்து, 1839-இல் கட்டுரையாக எழுதினார். குழந்தை பிழைத்தது. ஆனால் வாத நோயாளி ஒருவர் ஒரே ஒரு கிரெயின் சாரத்தில், அதாவது சுமார் 65 மில்லிகிராமில், நினைவு தப்பிப் போனார். கையைத் தூக்கி விட்டால் தூக்கின இடத்திலேயே நின்றதாம். டாக்டரே பயந்துபோனார்.

அந்த நூற்றாண்டு முழுக்க இந்தப் பிரச்சினை தீரவில்லை. ஒரு கடை பாட்டிலில் ஒன்றும் நடக்காது, இன்னொரு கடை பாட்டிலில் அதே அளவில் ஆள் கவிழ்ந்துவிடுவார். இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் என்ற பெரிய டாக்டர், முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகு 1890-இல் எழுதியபோது, மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு சொட்டுதான் கூட்ட வேண்டும் என்று சொன்னார். அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தாகிவிட்டது. சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனை 1820-இலேயே பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் சத்தை மட்டும் பிடிக்க முடியவில்லை. அது தண்ணீரில் கரையாது என்பதால் ஊசியிலும் ஏற்ற முடியவில்லை. டிஹெச்சி என்ற அந்தப் பொருளை இஸ்ரேல் விஞ்ஞானிகள் சுத்தமாகப் பிரித்துக் காட்டியது 1964-இல்தான். அதற்குள் அமெரிக்க மருந்து நூலிலிருந்து கஞ்சாவை 1942-இலேயே எடுத்துவிட்டார்கள். அரசியலும் வரியும் ஒரு காரணம், அளவு நிலையில்லாதது இன்னொரு காரணம்.

இத்தனையும் எனக்கு ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்திருக்கும், என் அக்கா இல்லாவிட்டால். எண்பது வயது, மகளோடு கனடாவில் ஒட்டாவாவில் இருக்கிறார். அங்கே 2018 அக்டோபரிலிருந்து கஞ்சாவுக்குத் தடையில்லை, வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். மாப்பிள்ளை தோட்டத்தில் தக்காளிக்குப் பக்கத்தில் வளர்த்தார். பூவைக் காயவைத்து, அடுப்பில் இளஞ்சூட்டில் வாட்டி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினார். வாட்டாவிட்டால் அது வேலை செய்யாது, சூட்டில்தான் சத்து மாறும் என்று போனில் எனக்குப் பாடம் வேறு நடத்தினார். அக்காவுக்கு மூட்டுவலி. ராத்திரி நாக்கடியில் ஐந்து சொட்டு. “தம்பி, எத்தனையோ வருஷம் கழிச்சு முழுசாத் தூங்கினேன்டா” என்றார்.

அடுத்த பாட்டில் வேறொரு செடியில் செய்தது. அதே ஐந்து சொட்டு. நடுராத்திரி எழுந்தவர் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மாப்பிள்ளை கைப்பக்குவத்தில் குறையில்லை. செடிக்குச் செடி சத்து மாறும், சூட்டில் கொஞ்சம் கூடும் குறையும், மூடி சரியாக இல்லாவிட்டால் ஸ்பிரிட் ஆவியாகி மீதி கெட்டியாகும். கண்ணுக்கு எல்லாப் பாட்டிலும் ஒரே பச்சைதான்.

இதற்குப் பிறகு என் மனைவிக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியது. ராத்திரியெல்லாம் முனகல். அக்கா மகள் போனில், “மாமா, வரும்போது சின்ன பாட்டில் ஒண்ணு கொண்டு வரட்டுமா? அத்தைக்கு வலி அடங்கும்” என்றாள். வேண்டாம் என்றேன். நம் நாட்டில் 1985-ஆம் வருடச் சட்டப்படி, கஞ்சாப் பூவும் பிசினும் அவை கலந்த எதுவும் குற்றம். விமான நிலையத்தில் அந்தப் பெண் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அது வேணாம்னா எனக்கு வேற என்ன இருக்கு?” என்று கேட்டாள். சட்டப் பிரிவைப் பதிலாகச் சொல்ல முடியுமா?

பதில் வலி நிவாரணப் பிரிவில் கிடைத்தது. மார்ஃபின் மாத்திரை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அலறினார்கள், அடிமையாகிவிடுவாள் என்று. டாக்டர் அமைதியாக எழுதிக் கொடுத்தார்: 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று, மலச்சிக்கலுக்குக் கூடவே ஒரு மருந்து. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறித்து வாருங்கள் என்றார். பழைய ஆபீஸ் பழக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் நாள் எட்டு. நாலாவது நாள் மூன்று. கூட்ட வேண்டியபோது டாக்டர் கணக்குப் பார்த்துக் கூட்டினார், குறைக்க வேண்டியபோது குறைத்தார். அவள் அதன் பிறகு ஏழு மாதம் இருந்தாள். பல காலைகளில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தாள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் போன்ற அவசிய மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி கொண்டுவந்தார்கள். ஆனாலும் கேட்டு வாங்கத் தெரியாமல் எத்தனையோ வீடுகளில் முனகல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஊரே பயப்படும் மார்ஃபின் என் வீட்டில் சாதுவாக இருந்தது, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்ததால். தோட்டத்துப் பச்சிலை என்று நம்பின சொட்டு அக்காவைத் தரையில் உட்காரவைத்தது, அது தெரியாததால்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டம் அனுமதித்தாலும் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம்? யார் சோதித்தது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் சொல்லியாகிவிட்டதா? வார்ஃபரினோடு இது மோதும். விழுங்கினால் வேலை செய்ய ஒன்று இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தடவை குடித்துவிடாதீர்கள். ஸ்பிரிட்டை அடுப்பில் வைத்துச் சுண்டவைக்க யாரையும் விடாதீர்கள், ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அக்கா இப்போது லைசென்ஸ் உள்ள கடையில், லேபிளில் அளவு போட்ட எண்ணெய்தான் வாங்குகிறார். ராத்திரி எத்தனை மில்லிகிராம், காலையில் முட்டி எப்படி என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். அந்த நோட்டில் கோடு போடச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.