ஒழுங்கையும் தண்டவாளமும்

யாழ்ப்பாணத்துக்கு வருகின்றவர்கள் கோட்டையைப் பார்க்கின்றார்கள், நல்லூரைப் பார்க்கின்றார்கள், கீரிமலைக் கேணியிலே நீராடிச் செல்கின்றார்கள். புகையிரதக் கடவையைப் பார்ப்பார் ஒருவருமிலர். புகையிரதம் வரும்போதும் அதனைப் பாராதார் உளர் என்பதுதான் விபரீதம்.

இப்பாதைக்கு வயது நூற்றுக்கு மேலாயிற்று. 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைப் பக்கத்திலே ஓடத் தொடங்கிய ரெயில், 1905இல் நம்மைக் கொழும்புடன் இணைத்தது. 1956இல் யாழ்தேவி வந்தாள். 'கோச்சி போய்விட்டது, உலையை ஏற்று' என்று சொல்லும் வீடுகள் அந்நாளிற் பல. 1990இல் ஓட்டம் நின்றது. அதன் பின்னர் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. மண்மேட்டிலே துவிச்சக்கர வண்டிகள் ஓடின. சிலவிடங்களிற் குடிசைகளும் எழுந்தன. 'ஸ்டேசன் வீதி' என்னும் பெயர் மாத்திரம் ஸ்டேசன் இல்லாமலே நிலைத்து நின்றது.

2014 ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் ரெயில் மீண்டும் வந்து சேர்ந்தது. பாடப்புத்தகத்திலிருந்த புகைக்கூண்டைக் காணோமே என்று எங்களயற் சிறுவனொருவன் குறைப்பட்டான். அவனுடைய தகப்பனாரும் தம் ஊரில் ரெயிலைக் கண்டறியாதவர்.

இருபத்துநான்கு ஆண்டு என்பது சிறிய காலமன்று. இருபக்கமும் பார்த்துக் கடக்கும் வழக்கத்தை ஓர் ஊர் முழுவதும் மறந்துவிட அது போதும். கொங்கிறீற்றுச் சிலிப்பர்களின்மேல் முன்னையிலும் வேகமாக வண்டி வந்தது. ஒழுங்கைகளோ கிளுவை வேலியும் வளைவுமாகப் பழையபடியே கிடந்தன. 'ரெயில் மோதி ஒருவர் பலி' என்று பத்திரிகைகள் எழுதலாயின. தண்டவாளத்தை விட்டு ஓரங்குலமும் விலகாத ஒன்று எவ்வாறு தேடிவந்து மோதும் என்று இலக்கணம் பேசுவாருளர். நானும் அவ்வாறு பேசக்கூடியவனே. ஆனால், படலையில்லாத வளவுக்குள் மாடு புகுந்தால் மாட்டை மாத்திரம் ஏசுவது நியாயமாகுமா?

படலைக்குப் பதிலாக ஆட்களை வைத்தார்கள். பொலிசாரின் கீழ் அமர்த்தப்பட்ட இக்கடவைக் காவலர்கள், நாளொன்றுக்கு 250 ரூபாயே பெறுவதாகப் பல்லாண்டுகள் முறையிட்டுப் போராடினார்கள். 2022ஆம் ஆண்டு விலையேற்றத்தின் பின்னர் ஒருநேரச் சோற்றுப் பொதிக்கும் அது காணாது. மணியும் விளக்கும் பொருத்திய கடவைகளும் உள. நல்ல கருவிதான். ஆயினும் மணி அடிக்குமேயன்றி, "நில் மோனை!" என்று கத்தமாட்டாது.

2023இல் ஒருநாள், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் ஓர் ஒழுங்கைக் கடவையிலே காத்து நின்றேன். தகரக் கொட்டில், அதற்குள் ஒரு கதிரை, தண்ணீர்ப் போத்தல், பச்சைக்கொடி, சிவப்புக்கொடி. காவலர் கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டு நின்றார். மோட்டார்ச் சைக்கிளில் வந்த மாணவனொருவன், காதிற் செருகியதைக் கழற்றாமலே கைத்தொலைபேசியைத் தடவினான்.

"அண்ணை, ரெயில் இன்னும் யாழ்ப்பாணத்திலை எண்டெல்லோ இதிலை காட்டுது. கயித்தை எடுங்கோவன்."

"தம்பி, அதை விட்டிட்டு அங்காலை ஒருக்காப் பாருங்கோ."

தம்பி பார்த்தான். பனைகளுக்கிடையே வண்டியின் முகம் தெரிந்தது. அடுத்த கணம் கொட்டிலின் தகரம் அதிர, கதிரை நடுங்க, எங்கள் முகத்தில் வெங்காற்றை வீசிவிட்டு அது போயிற்று. கைத்தொலைபேசியில் ரெயில் இன்னமும் யாழ்ப்பாணத்திலேயே நின்றிருக்கக்கூடும். மாணவன் அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான்.

காவலர் கயிற்றை அவிழ்த்தார். பின்னர் கொட்டிலுக்குள் சென்று, ஒரு பழைய கொப்பியை விரித்து, ரெயில் கடந்த நேரத்தைக் குறித்தார். நேரம் பார்த்தது தமது கைத்தொலைபேசியில்.